வாரம் பத்து உதை

இந்தத் தெருவுல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. 'நாளைக்கு'ன்னுதான் சொல்வாங்க. "நாளைக்கு கடை திறந்திருக்கானா பாரு", "வண்டியை நாளைக்குகிட்ட விட்டிருக்கேன், கடவுள் விட்ட வழி" - இப்படி. வண்டியை விட்டவன் எப்போ வந்து கேட்டாலும் "நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிச் சொல்லி அதுவே எனக்குப் பேரா ஒட்டிக்கிச்சு. கேக்கும்போது சுர்ருனு கோவம் வரும். ஆனா இல்லேன்னு சண்டைக்குப் போக முடியுமா? வாய் இருக்கு, முகம் இல்ல.

நான் சொல்ல வந்தது என் கதை இல்ல, என் அக்கா கதை. ஆனா என்னை விட்டுட்டு அதைச் சொல்ல வழி இல்ல. அதுதான் வயித்தெரிச்சல்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்துல வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டருங்க கோட்டு எல்லாம் இஸ்திரி போடணும். காலைல ஏழு மணிக்கு நின்னா சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நின்னபடியே. பத்தொன்பது வருஷமா நிக்கறா. என் பட்டறைலேர்ந்து மூணாவது தெரு, மாடில ஒரு ரூம், தனியா இருக்கா. குழந்தை குட்டி இல்ல. புருஷன் இருக்காரு, ஆனா இல்ல. வெளிநாட்டுக்குப் போய் பதினாலு வருஷம் ஆச்சு.

அன்னிக்கு புதன்கிழமை. வேலை முடிஞ்சு நேரா பட்டறைக்கு வந்து நின்னா. அவ மேல துணிக்குப் போடற கஞ்சி வாசனை.

"டேய், அவர் வர்றாராம்."

"எவர்?"

"எனக்கு எத்தனை பேருடா?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சேன். மாமாவோட தங்கச்சி, அதாவது அக்காவோட நாத்தனார், போன் பண்ணிச் சொன்னாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அவ வீட்டுல இறங்கறாரு, சனிக்கிழமை இங்க வருவாரு. எண்ணிப் பாத்தா பத்து நாள்.

"வண்டியை ஓட வெச்சுடு," ன்னா அக்கா.

"பதினாலு வருஷமா நின்ன வண்டிக்கா அது."

"எது நின்ன வண்டி? வாரா வாரம் பத்து உதை. ஒரு வாரம் விட்டிருக்கேனா சொல்லு. நெருப்பா காய்ச்சல் அடிச்சப்போ கூட வந்து உதைச்சுட்டுப் போய்ப் படுத்தேன். எஞ்சின் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். டயரு, பெட்ரோலு, நீ செய்ய வேண்டியதை மட்டும் செய்."

"ஓட வெச்சு? பின்னாடி உக்காந்து ஊர் சுத்தப் போறியா?"

"சுத்தறாங்க! என் முட்டி இருக்கற இருப்புக்கு." உக்காராமலே பேசினா. "அவர் கண்ணு முன்னாடி வண்டி ஒரே உதையில எழுந்துக்கணும். சாவியைக் கையில குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். 'நீங்க சொன்னதை நான் செஞ்சேன். நான் சொன்னதை நீங்க செஞ்சீங்களா?' அவ்வளவுதான். பதில் கூட வேண்டாம். அதுக்கப்புறம் வண்டியை எடுத்துக்கிட்டு எந்தத் திசைல வேணா போகட்டும்."

அந்த வாக்கியத்தை எத்தனை வருஷமா மனசுக்குள்ள இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருந்தாளோ, தடங்கல் இல்லாம வந்துச்சு. நான் ஸ்பேனரை மறுபடி எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சேன். ஏன்னு அப்புறம் சொல்றேன். "சரி, பாக்கறேன்"னேன். "பாக்காத, செய்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

மாமா வெல்டர். ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல போனாரு. போறதுக்கு முன்னாடி வண்டியை என் பட்டறையோட பின் ரூம்ல கொண்டுவந்து நிறுத்தினாரு. அக்கா குடியிருந்தது மாடி, அங்க வெக்க இடம் இல்ல. பெட்ரோலை வடிச்சாரு, பேட்டரியைக் கழட்டினாரு, நடு ஸ்டாண்டு போட்டு அடியில செங்கல் குடுத்தாரு. அதெல்லாம் சுத்தமான வேலைதான், குத்தம் சொல்லக் கூடாது. அப்புறம் அக்காகிட்ட சொன்னாரு, "வாரம் ஒரு நாள் வந்து பத்து உதை உதைச்சுடு. மாசம் ஒரு தடவை பிளக்கைக் கழட்டி ஒரு ஸ்பூன் எண்ணெய் விடு. இல்லேன்னா உள்ள பிஸ்டன் இறுகிக்கும். வேற எதுவும் நான் உன்கிட்ட கேக்கல."

அக்கா சொன்னா, "சரி. நீங்க வாரம் ஒரு தடவை போன் பண்ணுங்க. உதைச்சேனா இல்லையான்னு கேக்கறதுக்காவது பண்ணுங்க. வேற எதுவும் நானும் கேக்கல."

மாமா சிரிச்சுக்கிட்டே "பண்றேன்"னாரு. என் பக்கம் திரும்பி, "மச்சான், வண்டி உன் பொறுப்பு"ன்னாரு. "என் வண்டி மாதிரி பாத்துக்கறேன் மாமா"ன்னேன். சொன்ன சொல் தப்பல. என் வண்டி லட்சணம் தெருவுக்கே தெரியும், அதை நிறுத்தணும்னா காலைத்தான் ஊணணும்.

முதல் வருஷம் வாரா வாரம் போன் வந்துச்சு. ரெண்டாவது வருஷம் மாசம் ஒண்ணு. அப்புறம் கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதை. கடைசியா வந்தது "லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்". அந்த அப்புறம் வரவே இல்ல. தங்கச்சி வீட்டுக்கு மட்டும் லைன் சரியாத்தான் இருந்துச்சு. அந்த நாத்தனார் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்வா, "ஒரு பொருளை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவ, அதான் எங்க அண்ணன் இந்தப் பக்கமே திரும்பல"ன்னு. அக்கா காதுக்கும் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை வந்து இன்னும் ஓங்கி உதைச்சா.

ஞாயித்துக்கிழமை பத்து மணி. கடிகாரம் பாக்க வேண்டாம், அக்கா வாசப்படி ஏறினா பத்து. செருப்பைக் கழட்டிட்டு ஒரு பழைய ரப்பர் ஷூவை மாட்டுவா. கைப்பைல பிளக் கழட்டற ஸ்பேனர் ஒண்ணு எப்பவும் இருக்கும். நான் குடுத்ததுதான். வலது காலைத் தூக்கி வெச்சு, "ஒண்ணு... ரெண்டு..."ன்னு வாய்விட்டு எண்ணுவா. பத்து முடிஞ்சதும் துணியை எடுத்து டேங்க்லேர்ந்து சிலிண்டர் வரைக்கும் துடைப்பா. சிலிண்டரைச் சுத்தி சூடு ஆறறதுக்கு வரி வரியா தகடு இருக்குமில்ல, அதுல மூணாவது தகட்டோட மூலை உடைஞ்சிருக்கும். கல்யாணமான புதுசுல அக்கா பின்னாடி ஏறப் போய் வண்டி சாஞ்சு, நடைபாதைக் கல்லுல இடிச்சு உடைஞ்சது. அந்த இடத்தைத் துடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாப் போகும். அப்புறம் டீக்காரர் ரெண்டு டீ கொண்டுவருவாரு. குடிச்சுட்டுப் போவா.

ஏழெட்டு வருஷம் போனதும் வலது முட்டி வீங்கிக்கிச்சு. நாளெல்லாம் நிக்கற வேலை வேற. டாக்டர் படி ஏறக் கூடாதுன்னாரு. "விட்டுத் தொலைக்கா, நான் உதைச்சுக்கறேன்"னேன். "படிதானே ஏறக் கூடாதுன்னாரு, வண்டியை உதைக்கக் கூடாதுன்னு சொல்லலையே"ன்னா.

சரி, இப்போ என் யோக்கியதைக்கு வருவோம்.

மாமா போய் ஒரு வருஷம் இருக்கும். ஒரு பால்காரர் வண்டிக்கு, பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பற கார்புரேட்டர் விரிசல் விட்டுடுச்சு. காலைல பால் ஊத்தணும், ஆள் கையைப் பிடிச்சுக்கிட்டு அழாத குறை. அதே மாதிரி வண்டி, அதே மாதிரி கார்புரேட்டர் பின் ரூம்ல சும்மா கிடக்கு. ஒரு வாரம்தானேன்னு கழட்டிக் குடுத்துட்டேன். அக்கா கண்ணுக்குக் காலியாத் தெரியக் கூடாதுன்னு, குப்பைல கிடந்த ஒரு வெத்துக் கூட்டை எடுத்து அந்த இடத்துல மாட்டினேன். உள்ள ஒண்ணும் கிடையாது, ஓட்டைப் பானை. காத்தை வடிகட்டற பில்டர் அதுக்குப் பொருந்தல, அதையும் மாட்டல. பால்காரர் அடுத்த மாசமே வண்டியை வித்துட்டு வேற ஊருக்குப் போயிட்டாரு. கார்புரேட்டரும் கூடவே போச்சு. வேற ஒண்ணு தேடி மாட்டணும். நாளைக்கு மாட்டிக்கலாம்னு விட்டேன்.

அந்த வண்டி நின்ன இடத்துலேர்ந்து நாலடி தள்ளித்தான் என் சாணைச் சக்கரம். இரும்பைத் தேய்க்கத் தேய்க்க சாணைக்கல்லு உதிர்க்கற எமரித் தூள் ரூம் பூரா பறக்கும். அக்கா ஒரு உதை உதைச்சா, எஞ்சின் ஒரு மூச்சு இழுக்கும். வடிகட்ட ஒண்ணுமில்லாத அந்தத் திறந்த வாய் வழியா அத்தனை தூளும் உள்ள போகும். மாசத்துக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் வேற விடறா. எண்ணெயும் எமரித் தூளும் சேந்தா அது என்னன்னு மெக்கானிக் எவனைக் கேட்டாலும் சொல்வான். வால்வு தேய்க்கறதுக்கு நாங்க காசு குடுத்து வாங்கற பசை அது. வாரா வாரம் பத்து உதையில என் அக்கா அந்த எஞ்சினைத் தன் காலாலேயே தேச்சுக்கிட்டு இருந்தா.

எனக்கு எப்போ தெரியும்னு கேக்கறீங்களா? மூணாவது வருஷமே தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை உதைச்சு முடிச்சுட்டு சிரிச்ச முகமா சொன்னா, "டேய், முன்ன மாதிரி இல்ல, இப்போ லேசாப் போகுதுடா. கால் பழகிடுச்சு." கால் பழகல. உள்ள அழுத்தம் போயிடுச்சு. சிலிண்டர் தேஞ்சு காத்து ஒழுகுது, அதனாலதான் லேசாப் போகுது. எனக்குப் புரிஞ்சது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். "ஆமாக்கா, பழகிட்ட"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சேன்.

ஏன் சொல்லலன்னு யோசிச்சா எனக்கே காறித் துப்பணும் போல இருக்கு. பயம் பாதி. மீதி என்ன தெரியுமா? அந்த ஆளு வரப்போறதில்லன்னு நான் முடிவு கட்டிட்டேன். வராதவனுக்காக வண்டி நல்லா இருந்தா என்ன, கெட்டா என்ன, அவளுக்கு ஞாயித்துக்கிழமை போக ஒரு இடம் இருக்கட்டும்னு நினைச்சேன். நல்லது செய்யறதா வேற நினைப்பு. பதினோரு வருஷம் அப்படியே ஓடிப் போச்சு.

இப்போ பத்து நாள் இருக்கு. மறுநாளே கடையைச் சாத்திட்டு வண்டியைப் பின் ரூம்லேர்ந்து வெளிச்சத்துக்கு இழுத்தேன். டயர் ரெண்டும் வெடிச்ச பாதம் மாதிரி பிளந்திருந்துச்சு. ஒயரை எல்லாம் எலி தின்னுட்டு, பச்சை ஒயரை மட்டும் ஏனோ விட்டு வெச்சிருந்துச்சு. டேங்க்குள்ள துரு. கூழாங்கல்லைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊத்தி, குலுக்கிக் குலுக்கி ரெண்டு தோளும் கழண்டு போச்சு. கிளட்ச் தகடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கத்தியை நுழைச்சுப் பிரிச்சேன். பிரேக் கட்டை கையோட பொடியா வந்துச்சு. இதெல்லாம் கெட்டது கணக்கே இல்ல. நின்ன வண்டின்னா இப்படித்தான் இருக்கும்.

சனிக்கிழமை சிலிண்டர் தலையைத் தூக்கினேன். உள்ள பாத்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு கோடா கீறல். விரலை விட்டேன், நகம் ஒவ்வொரு கோட்டுலயும் மாட்டுச்சு. பிஸ்டன் வளையம் தகரம் மாதிரி மெலிஞ்சு போயிருந்துச்சு. உள்பக்கத்தைக் கடைஞ்சு பெருசாக்கலாம்னா அதுக்குக் கூட சுவர்ல சதை மிச்சம் இல்ல. துடைச்சுத் துடைச்சு வெளிய பளபளன்னு இருக்கு, உள்ள பொணம்.

மறுநாள் ஞாயிறு. அக்கா வழக்கம் போல பத்து மணிக்கு வந்தா. வண்டி அக்கக்காப் பிரிஞ்சு கிடக்கறதைப் பாத்துட்டு, "இன்னிக்கு உதைக்க முடியாதா?"ன்னா.

"எப்படிக்கா உதைப்பே? வயித்தைத் திறந்து வெச்சிருக்கேன்."

"உள்ள எப்படி இருக்கு?"

அந்த நேரம். அதுதான் சொல்ல வேண்டிய நேரம். "நல்லா இருக்குக்கா, சின்னச் சின்ன வேலைதான்"னேன். அப்படியே முகம் மலர்ந்து போச்சு அவளுக்கு. "நான்தான் சொன்னேனே"ன்னு ஷூவைக் கழட்டி மறுபடி பைல வெச்சுக்கிட்டா. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கறது ஒரு வேலைன்னா, அதுல எனக்கு மெடலே குடுக்கலாம்.

திங்கள், செவ்வாய் ரெண்டு நாள் பழைய இரும்புக் கடைகள்ல அலைஞ்சேன். கடைசில ஒரு கடைல அதே மாடல் வண்டி அடிபட்டு நசுங்கிக் கிடந்துச்சு. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. சிலிண்டர், பிஸ்டன், கார்புரேட்டர் எல்லாத்தையும் கழட்டிக்கிட்டு வந்தேன். ஆனா அந்த சிலிண்டர்ல தகடுங்க எல்லாம் முழுசா இருந்துச்சு. அக்கா கண்ணுல முதல்ல படறது அதுதான். குறடை எடுத்து மூணாவது தகட்டோட மூலையைப் பிடிச்சு ஒடிச்சேன். பழசைப் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்து அதே அளவுக்கு ஒடிச்சேன். அழுக்கு எண்ணெயும் புகைக்கரியும் குழைச்சு அந்த இடத்துல தேச்சேன். என் ஆயுசுல இவ்வளவு பொறுமையா நான் எந்த வேலையும் செஞ்சதில்ல, சத்தியமா.

வியாழக்கிழமை மத்தியானம் மாட்டி முடிச்சு உதைச்சேன். முதல் உதைக்கு இருமல். ரெண்டாவதுக்கு ஒண்ணுமில்ல. மூணாவதுக்குப் பட்டுனு பிடிச்சுது. பட்டறையே அதிர்ந்துச்சு. எதிர்க்கடைத் தையக்காரர் ஓடி வந்து, "அடப்பாவி, நாளைக்கு, இன்னிக்கே முடிச்சுட்டியா?"ன்னாரு. எனக்கு சிரிப்பு வரல. செத்தவங்க சட்டையை வேற ஆளுக்குப் போட்டு நிறுத்தின மாதிரி இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அக்கா வந்தா. நாளைக்கு அவர் முன்னாடி உதைக்கணுமே, ஒரு தடவை பாத்துடறேன்னா. ரப்பர் ஷூவை மாட்டினா. "ஒண்ணு"ன்னு உதைச்சா. பாதி கூட இறங்கல. வண்டி காலைத் திருப்பித் தள்ளிடுச்சு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"என்னடா இவ்வளவு கெட்டியா இருக்கு?"

"புது எண்ணெய்க்கா. அப்படித்தான் இருக்கும்."

நம்பிட்டா. நான் சொன்னா எதையும் நம்புவா, அதுதானே பிரச்சினை. துணியை எடுத்து டேங்க்லேர்ந்து ஆரம்பிச்சு துடைச்சுக்கிட்டே கீழ வந்தா. மூணாவது தகட்டுக்கிட்ட வந்ததும் "ஸ்ஸ்"னு கையை இழுத்துக்கிட்டா. விரல்ல ரத்தம். குறடால ஒடிச்ச மூலை, பிளேடு மாதிரி. பழைய உடைசல் பதினாலு வருஷத் துணியில தேஞ்சு தேஞ்சு மழுங்கிக் கிடந்தது எனக்கு ஞாபகத்துக்கே வரல.

குனிஞ்சு பாத்தா. இன்னொரு விரலால மெதுவா அந்த மூலையைத் தொட்டா. துணியை வெச்சுத் தேச்சா, கரி போய் உள்ள வெள்ளையா புது உடைசல் தெரிஞ்சுது. நிமிர்ந்து என்னைப் பாத்தா.

"இது எதுடா?"

அதுக்கப்புறம் மறைக்க என்ன இருக்கு? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. பால்காரர்லேர்ந்து குறடு வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். பழைய சிலிண்டரை மேஜைக்கு அடியிலேர்ந்து எடுத்துக் காட்டினேன். அவ ஸ்டூல்ல உக்காந்து அதை மடியில வெச்சுக்கிட்டு உள்ள விரலை விட்டுப் பாத்தா. கத்துவா, அறைவான்னு எதிர்பாத்தேன். அறைஞ்சிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

"லேசாப் போகுதுன்னு சொன்னேனே, அப்போவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கப்புறமும் நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உதைச்சேன். நீ அங்க உக்காந்து டீ குடிச்ச."

"அக்கா..."

"அப்போ இதைக் கெடுத்தது யாரு? நான்தான். என் கால்தான்."

"நீ என்னக்கா பண்ணுவே, நான்தானே..."

"ஸ்டார்ட் பண்ணு, கேக்கறேன்"னா. பண்ணினேன். கொஞ்ச நேரம் நின்னு கேட்டா. "நல்லா ஓடுது. யார் வண்டியோ," ன்னு சொல்லிட்டுப் பையை எடுத்தா.

வாசல் வரைக்கும் பின்னாடியே போனேன். "அக்கா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நாளைக்கு ஒரே உதையில எழுந்துக்கும். மூலையை நான் அரத்தால ராவி விட்டுடறேன். நீ கேக்க வேண்டியதை நெஞ்சை நிமித்திக் கேளு. போன் பண்ணாதவரு பண்ணாதவருதானே? அதுல என்ன பொய்?" அவ திரும்பிப் பாக்கல. வலது காலை இழுத்து இழுத்து நடந்து போனா.

சனிக்கிழமை அஞ்சு மணி. அக்கா முன்னாடியே வந்து ஸ்டூல்ல உக்காந்திருந்தா. விரல்ல ஒரு துணிக்கட்டு. மாமா நடந்தே வந்தாரு. தலைக்குச் சாயம் பூசி, நல்ல செருப்பு, நல்ல சட்டை, கொஞ்சம் தொப்பை. "என்ன மச்சான், பட்டறை அப்படியே இருக்கே"ன்னாரு. அக்காவைப் பாத்து, "இளைச்சுட்ட"ன்னாரு. நேத்து கடைக்குப் போனவர் இன்னிக்கு வந்த மாதிரி! பதினாலு வருஷத்துக்கு ஒரு வார்த்தை. எனக்கு ரத்தம் கொதிச்சுது. கொதிச்சு என்ன பண்ண? எனக்குக் கொதிக்கற அருகதை போயிடுச்சு.

"அட, வண்டி!" அவருக்கு நிஜமாவே ஆச்சரியம். "வெச்சிருக்கீங்களா இன்னும்? எப்பவோ எடைக்குப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்." போய் உக்காந்து ஒரே உதை. பிடிச்சுக்கிச்சு. ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை முறுக்கிட்டு, குனிஞ்சு அந்த மூணாவது தகட்டை விரலால தடவினாரு. நேத்து சாயங்காலமே அதை ராவி மழமழன்னு ஆக்கி வெச்சிருந்தேன்.

"இந்த உடைசல் கூட அப்படியே இருக்கு பாரு. உன்னை ஏத்தப் போய்ச் சாஞ்சது, ஞாபகம் இருக்கா?" அக்காவைப் பாத்து சிரிச்சாரு. "பரவாயில்ல. நான் சொன்னதை விடாம செஞ்சிருக்க. நீ சொன்னா சொன்னதுதான்."

அவளோட வாக்கியத்துல பாதியை அவரே எடுத்துக் குடுத்துட்டாரு. மீதிப் பாதிதான் பாக்கி. கேளுக்கா, கேளுன்னு எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்குது. அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தா. வாயைத் திறந்தா. என்னைப் பாத்தா.

"பாத்துப் போங்க," ன்னா. "பிரேக் புதுசு."

அவர் தலையாட்டினாரு. தங்கச்சி பையன் படிக்கப் போக வண்டி இல்லாம கஷ்டப்படறான், அவனுக்கு ஆகும்னாரு. தான் இருபது நாள்ல கிளம்பணும்னாரு. போறதுக்குள்ள ஒரு நாள் வீட்டுப் பக்கம் வரேன்னாரு. பின்னாடி ஏறறியான்னு ஒரு பேச்சுக்குக் கூடக் கேக்கல. தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் அதுவும் நின்னுடுச்சு.

"ஏன்க்கா கேக்கல?"ன்னேன். "வாய் வரைக்கும் வந்துச்சே!"

"எந்த வாயால கேக்கச் சொல்ற? அவர் சொன்னதை நான் செஞ்சேன்னு எப்படிடா சொல்வேன்? மடியில வெச்சுப் பாத்தேனே நேத்து." குரல் உயரல. "பதினாலு வருஷத்துல எனக்குன்னு இருந்தது, சொன்னதைச் செஞ்சேன்ங்கற அது ஒண்ணுதான். அதுவும் பொய்யாப் போச்சு, அந்தப் பொய்க்கு நல்ல பேர் வேற குடுத்துட்டுப் போயிட்டாரு."

கைப்பையைத் திறந்து அந்த பிளக் ஸ்பேனரை எடுத்து மேஜை மேல வெச்சா. ரப்பர் ஷூவைக் குப்பைக் கூடைல போட்டா. "இது உன்னோடது"ன்னு ஸ்பேனரைக் காட்டிட்டுப் போனா.

மறுநாள் பத்து மணிக்கு டீக்காரர் ரெண்டு டீ கொண்டுவந்தாரு. பழக்கம். "அக்கா எங்க?"ன்னாரு. வேலை இருக்குன்னேன். ரெண்டையும் நானே குடிச்சேன்.

மூணு வாரம் ஆச்சு. மாமா கிளம்பிப் போயிட்டாராம், நாத்தனார் சொல்லித்தான் தெரியும். வீட்டுப் பக்கம் வந்தாரான்னு தெரியல. அக்கா இப்போ வேலைக்கு என் பட்டறை வழியாப் போறதில்ல, சுத்து வழியாப் போறான்னு தையக்காரர் சொன்னாரு. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஒரு தெரு அதிகமா நடக்கறா. போய்க் கால்ல விழணும். "அடி, திட்டு, ஆனா பேசு"ன்னு சொல்லணும். மூணாவது தெருதானே, அஞ்சு நிமிஷ நடை. தினமும் கடை சாத்தும்போது சட்டையை மாத்திக்கிட்டு வாசல் வரைக்கும் வரேன். வந்து நின்னு அந்த மாடி இருக்கற பக்கம் பாக்கறேன்.

நாளைக்குப் போகணும்.